மேலே இருப்பவருக்கு எழுதிய சீட்டு

அந்தப் பெட்டியை நான் உண்டியல் என்றுதான் நம்பினேன். சிரிக்காதீர்கள். அதைச் செய்த ஆசாரி உள்ளூர்க்காரர். பெட்டி என்று சொன்னால் அவர் கைக்கு உண்டியல்தான் வரும். தலையில் நீளத் துளை, முன்னால் பித்தளைப் பூட்டு. பட்டணத்திலிருந்து வந்திருந்த எங்கள் பஸ் கம்பெனி மேனேஜர் அதை ஷெட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, "மனசுல இருக்கிறத எழுதிப் போடுங்க. மேல இருக்கிறவர் பாத்துக்குவார்" என்றார். திருத்தணியில் மேலே இருப்பவர் யார்? மலையில் வேலோடு நிற்பவர்தானே!

பாவா, அதாவது என் அக்காவின் கணவர், அங்கே டிரைவர். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய பஸ். ஆர்.கே.பேட்டையிலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்போது அவருக்குப் பாதை மங்கியது. அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே இது தெரியும். வெளியே கசிந்தால் வேலை போய்விடும். வீட்டில் நான்கு பிள்ளைகள். எழுத வராதவர், "டேய் மச்சான், எனக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுடா" என்றார். "டிரைவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தாங்கள்தான் கவனிக்க வேண்டும்" என்று எழுதினேன்.

"பேரு, நட்சத்திரம் போட்டியா? இல்லாங்காட்டி யாருக்குன்னு சாமிக்கு எப்டிடா தெரியும்?"

போட்டேன். கிருத்திகை.

நான்கு நாள் கழித்து, "சார், உண்டியல் எப்போ மலைக்குப் போவுதுங்க?" என்று கேட்டேன். மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்பா, இது அமெரிக்காவுல கம்பெனிங்க வச்சிருக்கிற யோசனைப் பெட்டி. மேலன்னா நம்ம முதலாளி. அவர் படிச்சுக் கம்பெனியச் சீர்பண்ணுவார்."

மத்தியானம் ஷெட் காலியானதும் துடைப்பக்குச்சியில் வேப்பம்பிசின் தடவித் துளைக்குள் விட்டேன். ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது: "இந்தத் தடவையாவது ஆண் குழந்தை." எங்கள் மெக்கானிக்குடையது. மரியாதையாகத் திரும்பப் போட்டேன். அடுத்த முறை குச்சி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. படியேறிப் போய், கொடுத்த மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக முருகனிடமே கெஞ்சினேன். பாவாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவரோ, "நேத்து கொஞ்சம் பளிச்சுனு தெரிஞ்சிதுடா, மச்சான். சாமி படிச்சிட்டாரு போல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

சனிக்கிழமை முதலாளி வந்து பெட்டியைத் திறந்தார். தினமும் டிரிப் ஷீட் எழுதுகிறவன் நான். என் கையெழுத்து அவருக்கு அத்துப்படி. பாவாவை அன்றே வண்டியை விட்டு இறக்கினார்கள். பயணிகளின் உயிரைக் காத்த யோசனை என்று எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு பேனா பரிசளித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.