கைதட்டிப் பார்த்த பதினைந்து

வாத்தை எண்ணுவதற்கு முன், பல்கலைக்கழகத்தில் பறவைகளை ஆராயும் பென்னர் ஒரு தடவை கைதட்டுவார். பலமாக, ஒரே ஒரு தட்டு. கழுத்து நிமிர்ந்தால் கணக்கில் சேர்த்தி. நிமிராவிட்டால் கிட்டே போய்க் காலால் தொட்டுப் பார்ப்பார். வாத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கார் நிறுத்துமிடத்துக் கூண்டில் கண்ணயர்ந்திருக்கும் காவலாளியையும், ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. "தப்பா நினைக்காதீங்க, பழகிப்போச்சு" என்பார்.

பழக்கத்துக்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், மானிட்டோபாவில் அறுப்பு முடிந்த ஒரு பார்லி வயலில் நாற்பத்தொரு கனடா வாத்துகள் ஒன்பது மணி நேரம் அசையாமல் இருந்ததைத் தொலைநோக்கியில் கண்டு, 'வாத்துகளின் நெடிய அமைதி' என்று ஆர்லின் பென்னர் கட்டுரை எழுதினார். நாற்பத்தொன்றும், நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க வேட்டைக்காரர்கள் நட்டுவைத்த பிளாஸ்டிக் பொம்மைகள். விஷயம் தெரிந்ததும் அடுத்த இதழிலேயே தன் தவறைத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை யாரும் சீண்டவில்லை. கட்டுரையைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. 'பறவைக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்க. பார்க்க, பென்னர்' என்று இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். கணக்கு வைக்கும் கணினிக்குப் புகழ்வதும் தெரியாது, வைவதும் தெரியாது. துறையிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான். ஆண்டறிக்கையில் டீன் அதைப் பெருமையோடு அச்சிடுகிறார்.

அவருடைய நல்ல வேலை வேறு. ஊர்க்கோடி வணிக வளாகத்தின் சரளைக்கல் கூரையில், கொத்துக்குப் பயந்து ஹாக்கி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பதினொரு வசந்தங்கள் மண்டியிட்டுக் கிடந்து எழுதியது. கூரையில் பொரித்த குஞ்சுகளில் கடைசிக் குஞ்சும் குதிக்கும்வரை தாய் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று அதில் கண்டு சொன்னார். அதை மேற்கோள் காட்டியவர்கள் பதினான்கு பேர்.

சங்கடமே இந்தப் பதினான்கில்தான். முழுப் பேராசிரியர் ஆக எச் எண் பதினைந்து வேண்டும். அதாவது பதினைந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பதினைந்து மேற்கோள். பென்னருக்குப் பதினான்கு கட்டுரைகள் தேறிவிட்டன. பதினைந்தாவதான கூரை வாத்துக் கட்டுரைக்கு ஒன்றே ஒன்று குறைகிறது. இரண்டு முறை விண்ணப்பித்துத் திரும்பியாயிற்று. இது மூன்றாவது; இதற்கு மேல் விதி இடம் தராது. இதுவும் தவறினால், பத்தொன்பது வருஷமாகக் கதவில் 'பேராசிரியர்' என்பதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் 'இணை' என்ற சொல்லோடேயே ஓய்வு பெற வேண்டியதுதான். அவருக்கு அது நிஜமாகவே வலித்தது. வலித்தால், எப்போதும் கொறிக்கும் சூரியகாந்தி விதையை இன்னும் வேகமாகக் கொறிப்பார்.

பக்கத்து அறைப் புள்ளியியல் பேராசிரியை கொரின் லபோசியே வழி சொல்லாமல் இல்லை.

"அடுத்த கட்டுரையில நீயே உன்னை மேற்கோள் போட்டுக்கோயேன், ஆர்லின். ஊரே அதைத்தானே செய்யுது."

"என் முதுகை நானே தட்டிக்கச் சொல்ற. கை எட்டாது, கொரின்."

"சரி, நான் உன்னைப் போடறேன். நீ என்னைப் போடு."

"நீ எழுதுறது உருளைக்கிழங்கு விலை. அதுல வாத்து எங்க வந்து உக்காரும்?"

"போன மாசம் ஒருத்தர் ஏரி மீனைப் பத்தி எழுதி, அதுல மச்சானோட பல் வைத்தியக் கட்டுரையைச் சொருகியிருந்தார். நீ இன்னும் சர்ச் ஞாயிறு வகுப்புல நீதி படிக்கிற பிள்ளையாவே இருக்க."

பதவி உயர்வுக் குழு கூடுவது வெள்ளிக்கிழமை. வியாழன் மத்தியானம், தினம் பத்துத் தடவை திறந்து பார்க்கும் மேற்கோள் கணக்குப் பக்கத்தைப் பென்னர் பதினோராவது தடவை திறந்தபோது, எச் எண் பதினைந்து என்றிருந்தது. அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், விண்ணப்பத்தாளில் பேனாவால் பதினைந்து என்று எழுதினார். கொரின் மேப்பிள் டோனட் ஒரு பெட்டி வாங்கிவந்தாள். இரண்டைத் தின்ற பிறகுதான், தன்னை மேற்கோள் காட்டிய புண்ணியவானைப் படித்துப் பார்க்கலாமே என்று பென்னருக்குத் தோன்றியது. அங்கேதான் வினை.

ஒஹையோக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'கூரையில் வெப்பக்காற்றை வெளித்தள்ளும் காற்றாடிகளின் சூட்டில் முட்டைகள் நான்கு நாள் முன்னதாகவே பொரிகின்றன என்று பென்னர் நிறுவியுள்ளார்.'

"இதை நான் சொல்லவே இல்லையே" என்றார் பென்னர். "மினசோட்டாவுல ஒரு அம்மா கண்டுபிடிச்சது இது. என் கட்டுரையை இந்த ஒஹையோக்காரர் பிரிச்சுகூடப் பார்க்கல."

"விடுப்பா. குழுவுலயும் யாரும் பிரிச்சுப் பார்க்கப் போறதில்ல. தூரத்துல இருந்து எண்ணைப் பார்ப்பாங்க, கையெழுத்துப் போடுவாங்க."

"நானும் அன்னைக்குப் பார்லி வயலைத் தூரத்துல இருந்துதான் பார்த்தேன்."

கொரின் டோனட் பெட்டியை மெல்ல மூடினாள்.

பென்னர் நாற்காலியைத் திரைக்கு நேரே திருப்பி, அந்தப் பதினைந்தைப் பார்த்து ஒரு தடவை கைதட்டினார். பலமாக, ஒரே ஒரு தட்டு. சற்று நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து, விண்ணப்பத்தாளில் பதினைந்தை அடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினார்.