எங்க லயன் டூரிஸ்ட்டுங்க

எங்க தேவாலாவுல ஒரு காலத்துல வெள்ளைக்காரன் தங்கம் தோண்டினான். கெடச்ச வரைக்கும் சுருட்டிட்டு, மலைக்குள்ள குகைய மட்டும் விட்டுட்டுப் போய்ட்டான். அப்புறம் தேயிலை வந்துச்சு, நாங்க வந்தோம். ஊட்டி பாத்துட்டு வயநாடு போற வண்டி நெறைய எங்க ஊரு வழியாத்தான் போகும். போகும், அவ்ளோதான். ஒண்ணும் நிக்காது.

அந்த ரோட்டுல எங்க மாமா டீக்கடை போட்டாரு. நான் அப்ப நாலாவது படிக்கிறேன். வாசல்ல பெருசா போர்டு: "தங்கம் எடுத்த குகை பார்க்க இங்கே நிற்கவும்." ஒரே ஒரு கார் நின்னுச்சு, அதுவும் உள்ள இருந்த பையன் வாந்தி எடுக்க. சீசன் முடியறதுக்குள்ள கடை ஓடலன்னா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருவேன்னு மாமா சொல்லிட்டாரு. எங்க லயன்ல, அதான் எஸ்டேட்டு ஆளுங்க குடியிருக்கற வரிசை வீட்டுல, பாதி வீடு அப்படித்தான் பூட்டிக் கெடந்துச்சு. மாமாவும் போய்ட்டா எனக்கு சைக்கிள் யாரு கத்துக்குடுப்பா? செம டென்ஷன் எனக்கு.

அப்பதான் அவருக்கு ஒரு பிளான் வந்துச்சு. எங்க பெரியம்மா, அதாவது அவரோட அக்கா, கொழுந்து எடுக்கற கும்பலுக்கே தலைவி. அவங்ககிட்ட போனாரு.

"கூட்டம் இருக்கற கடையிலதாங்க்கா வண்டி நிக்கும். நம்ம ஆளுங்களையே டூரிஸ்ட்டா உக்கார வெச்சா என்ன?"

"டூரிஸ்ட்டுன்னா என்னடா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாம உக்காரணும்."

"அது கஷ்டமாச்சேடா."

ஞாயித்துக்கிழமை லயனே திரண்டு வந்துருச்சு. கல்யாணப் பட்டுப் பொடவை, மேல ஸ்வெட்டர், கால்ல கம்பூட்ஸ். பெரியம்மாவுக்கு என் திருவிழாக் கூலிங் கிளாஸ மாட்டிவிட்டேன். டைரக்டர் நாந்தான்.

"சும்மா இருக்காதீங்க பெரியம்மா, மலைய வேடிக்கை பாருங்க."

"அதுலதான்டி தெனம் நிக்கிறேன். அதுல என்னத்தப் பாக்குறது?"

"மொதத் தடவ பாக்குற மாதிரி பாருங்க."

பாத்தாங்க. கையில இருந்த டீ ஆறிப்போச்சு, அப்பவும் பாத்துட்டே இருந்தாங்க. நடிப்புல கெத்து காட்டுறாங்கன்னு நெனச்சேன்.

வேலையும் ஆச்சு. ஒரு கோயம்புத்தூர் வேன் வந்து நின்னுச்சு, நெறைய சனம். ஒரு அத்தை நேரா பெரியம்மா பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

"மெட்ராஸு."

"மெட்ராஸ்ல எங்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

மாமா தலைய அடுப்புக்குள்ள விடாத கொறதான். ஆனா நெஜ ஆப்பு அப்புறம்தான். கொழுந்து எடுக்கறவங்களுக்குத்தான் அன்னிக்கு லீவு, பேக்டரிக்கு இல்ல. மத்தியான வேலைக்குக் கூப்புடற சங்கு ஊதுச்சு. அவ்ளோதான். எங்க டூரிஸ்ட்டுங்க மொத்தமா எந்திரிச்சு, டீ கிளாஸ டக்குன்னு வெச்சுட்டு, ஒரே வரிசையா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. பழக்க தோஷம், காலு தானா போகுது.

கடை காலி. மாமா பால் கரண்டியோட செல மாதிரி நிக்கிறாரு.

"குகை பாக்கக் கெளம்பிட்டாங்க போலயே, வாங்க வாங்க"ன்னு அந்தக் கோயம்புத்தூர் அத்தை எந்திரிச்சுச்சு. வேனே பின்னாடி போச்சு.

பாதை பிரியற எடத்துல பெரியம்மா திரும்பிப் பாத்தாங்க. எடது பக்கம் எஸ்டேட்டு, வலது பக்கம் குகை. பின்னாடி ஒரு வேன் சனம். ஒரு செகண்டு நின்னாங்க, வலது பக்கம் திரும்பிட்டாங்க.

மாமா டார்ச்சும் உப்புப் பொட்டலமுமா ஓடி வந்தாரு. குகை வாசல்ல தண்ணி சொட்டுது, உள்ள வௌவாலு பறக்குது. வேன்ல வந்த ஒரு அண்ணன் கால்ல அட்டை ஏறிருச்சு. பெரியம்மா உப்ப வெச்சுத் தேச்சதும் அது சுருண்டு விழுந்துச்சு. அந்த அண்ணன் அத வீடியோ எடுத்துக்கிட்டாரு. பெரியம்மா டார்ச்ச வாங்கி உள்ள அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க. "தெனம் அந்தப் பாதை பிரியற எடத்தத் தாண்டித்தான்டி வேலைக்குப் போறேன், குகை உள்ள எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல"ன்னு என் காதுல சொன்னாங்க.

திரும்பி வந்து வேன் சனம் எல்லாரும் ரெண்டாவது டீ குடிச்சாங்க. வடை காலி. வேன் நிக்கிறதப் பாத்து இன்னும் ரெண்டு காரு நின்னுச்சு. சாயங்காலம் மாமா என்னத் தூக்கிச் சுத்தினாரு. "திருப்பூராவது ஒண்ணாவது, நாளைக்கே உனக்கு சைக்கிள் கத்துத்தரேன்."

பெரியம்மா கூலிங் கிளாஸ முந்தானையில தொடச்சு என் கையில குடுத்தாங்க.

"அடுத்த வாரமும் வரணுமாடா?"

"வேணாங்க்கா, இனி நெஜ டூரிஸ்ட்டே வருவாங்க. நீ ரெஸ்ட் எடு."

"ம்"னாங்க. பெஞ்சியில திரும்ப உக்காந்து மலைய இன்னொரு தடவ பாத்தாங்க.

இப்பத்தான் யாருமே இல்லையே, இன்னும் யாருக்காக நடிக்கிறாங்கன்னு எனக்கு ஒரே சிரிப்பு.