சட்டையைத் தூக்கிப் பார்க்காதவர்

அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் பூரணி பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் தடிமனைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் பிள்ளை தும்மும், கண் கலங்கும். மறுநாள் மூக்கு தண்ணீராய் ஒழுகும். பிறகு சளி கெட்டியாகும், இருமும், உடம்பு லேசாகச் சுடும். ஆனாலும் விளையாடும், பால் கேட்டு அழும், பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். மழை மாதங்களில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். அதற்கெல்லாம் பூரணி பதறியதில்லை.

போன ஜூலையில் லோஜினியின் மகள் பிரியந்திக்கு வந்தது அதுவல்ல. ஒன்றரை வயதுக் குழந்தை. நான்கு நாள் மூக்கொழுகிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாலைத் தொடவில்லை. தொட்டிலில் போட்டால் போட்டபடியே கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பூரணி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. இந்த வயதில் நாற்பதைத் தாண்டினாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று மிட்வைஃப் பயிற்சியில் சொல்லியிருந்தார்.

கொழுந்தெடுக்கும் மலைக்கு ஆள் அனுப்பி லோஜினியை வரவழைத்தாள். மற்றப் பிள்ளைகளை உடன் வேலை செய்யும் மீனம்மாவிடம் விட்டுவிட்டு, இருவரும் தோட்ட டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். தோட்டத்து வண்டி ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

அவர் மேசையை விட்டு எழவில்லை.

"மூக்கு ஒழுகுதா? தடிமன்தான். இப்ப எல்லாப் புள்ளைக்கும் இருக்கு."

"மூக்கு ஒழுகுனது நின்னு போச்சுங்கய்யா. மூச்சுதான் இழுக்குது. சட்டையத் தூக்கி ஒரு தடவ பாருங்க."

"நீ எப்ப பூரணி டாக்டரான?"

கேட்டுக்கொண்டே காய்ச்சல் சிரப் போத்தலை லோஜினி பக்கம் தள்ளினார். பழக்கத்தில் லோஜினி கையை நீட்டினாள். பூரணிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. லோஜினியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இவரு பாக்க மாட்டாரு. வாடி, நாம போவோம்."

ரோட்டுக்கு இறங்கி ஒரு த்ரீவீலரை மறித்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா செய்த முதல் வேலை சட்டையைத் தூக்கிப் பார்த்ததுதான். நியூமோனியா. உடனே ஒக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று அந்த அம்மா சிங்களத்தில் சொன்னது பூரணிக்கு நன்றாகப் புரிந்தது. லோஜினிக்கு அவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூரணிக்குத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனதற்கு எச்சரிக்கையாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள். தோட்டத்து மேனேஜர் துரைக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரும் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேங்க. நான் புள்ளைங்கள விட்டுட்டு ஓடல, புள்ளையத் தூக்கிட்டு ஓடுனேன். மீனம்மா காம்பராவுலதான் இருந்துச்சு. இந்த ஐயா அன்னிக்குப் புள்ளையத் தொட்டாவது பாத்தாரான்னு கேளுங்க."

துரை அவர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குக் கூட்டம் சார்" என்றார் டிஸ்பென்சர்.

"கூட்டமா? நாங்க ரெண்டு பேருதாங்க நின்னோம்!" பூரணியின் குரல் வெளியே வராந்தா வரை கேட்டது. "லயத்து வீட்டுத் தொழிலாளி புள்ளன்னா எது வந்தாலும் தடிமனா? உங்க வீட்டுப் புள்ளைக்கு இப்படி மூச்சிழுத்தா உக்காந்துகிட்டே சொல்லுவீங்களா?"

துரை கடிதத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். "சரி, போய் வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். டிஸ்பென்சருக்கு ஒரு கடிதமும் போகவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் பிரியந்தி வீட்டுக்கு வந்தாள், மெலிந்து போய், ஆனால் பசித்து அழுதுகொண்டு. அந்த வாரத்திலிருந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரை ஒவ்வொருவராக நிறுத்தி, மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறாள் பூரணி. அவர்கள் இப்போது டிஸ்பென்சரிக்குப் போனால், பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்கிறார்.

பூரணிக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. "பாத்துட்டுச் சொன்னா கை தேஞ்சா போயிரும்?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.