கண் பரிசோதனையில் முதல் மாணவி

போன மாதம் எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம். சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

எட்டாம் வகுப்பு முத்துமாரியின் முறை வந்தது. போர்டில் மூக்கு உரசுகிற மாதிரி முன்னால் உட்காருகிற பெண். உண்மையைச் சொன்னால், அவளுக்காகத்தான் நான் போனதே.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அட்டையை வாசித்தாள் பாருங்கள்... கடைசி வரிப் பொடி எழுத்து வரைக்கும் திக்கல் இல்லை, திணறல் இல்லை!

பரிசோதித்த அக்கா விவரமானவர். அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் ஆங்கில எழுத்துகள். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

முத்துமாரி அட்டையைக் கவனிக்காமலே, அதே தமிழ் எழுத்துகளை அதே வரிசையில் ஒப்பித்தாள்.

கூடமே சிரித்தது. “ஏட்டி, இங்கிலீசு எப்ப தமிழா மாறிச்சு?” என்றான் பின்னால் நின்ற ஒருவன். முன்னால் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக்கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

பரீட்சையில் காப்பியடிப்பார்கள், சரி. கண் பரிசோதனையில் எதற்கு?

வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கடையில் கண்ணாடி வாங்கியபோது, அவன் அம்மா கம்மலை அடகு வைத்தாராம்.

“எங்கம்மாட்ட கம்மலே கிடையாதுல்லா அண்ணே.”

இங்கே இலவசம் என்றேன். உடைந்தால் யார் வாங்குவது என்று திருப்பிக் கேட்டாள்.

சங்கரன்கோவிலின் தறித் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை ஒவ்வாமை! டூர் போனால் வாந்தி வரும். புதுச் செருப்பு கடிக்கும். கேக் பிடிக்கவே பிடிக்காது... எல்லாம் பொய். வீட்டில் இல்லாததைத் தனக்கு வேண்டாததாக மாற்றிக்கொள்ளும் வித்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அங்கே அ, ஆ கற்கும் முன்பே இந்த வித்தை எனக்குத் தெரியும்.

‘பொறுப்பான பிள்ளை’ என்று ஊர் இதை மெச்சும். நான் இனி மெச்சுவதாக இல்லை.

ஆள் அனுப்பியதும் முத்துமாரியின் அம்மா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். தலையெல்லாம் பஞ்சு. விஷயத்தைச் சொன்னேன். அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

“ஏட்டி, வேண்டாம்னு சொல்லுததுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி போதும். உனக்கு என்ன வேணுமோ, நீ வாயத் தொறந்து கேளு.”

பிறகு அவரே கையைப் பிடித்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். இந்த முறை முத்துமாரி தெரிந்ததை மட்டும் வாசித்தாள். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டாள்.

இந்த வாரம் கண்ணாடி வந்தது. டியூஷனில் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். போர்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

“அண்ணே, எழுத்தெல்லாம் கோணக்கோணயா இருக்கு. நேரா எழுதுங்க.”

அவள் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம்... நேராக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்!