கோவர்த்தனன் கலக்கிய நிறம்

பட்டன் சேர்க்கிறவர்கள்கூட உலகத்தில் உண்டா என்று கேட்பவர்கள் புத்தூர் கன்னிகாவின் பீரோவைப் பார்த்ததில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில் வரிசையாகத் தைத்து வைத்திருக்கிறாள். தேங்காய்ச் சிரட்டையில் செய்தது, ரோஜா இதழை உள்ளே வைத்துக் கண்ணாடி போல இறுக்கியது, கல் பதித்தது என்று நானூற்றுக்குக் குறையாது. "துன்றதுக்கு ஆவுமா இதெல்லாம்?" என்பான் அவள் புருஷன் சுதீர். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

ஊருக்கு வெளியே ஒரு பட்டன் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. அச்சில் ஊற்றினால் பட்டன் வந்து விழும் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தேன் பதத்துப் பிசினில் நிறமும் முத்துப் பொடியும் கலந்து, சுழலும் டிரம்முக்குள் ஊற்ற வேண்டும். அது தகடாக இறுகி, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும்போதே வட்டம் வட்டமாக வெட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரிசல் விடும். பிறகு கடைசல், துளை, ஒரு நாள் முழுக்கக் கல்லோடும் தண்ணீரோடும் உருட்டி மெருகேற்றுவது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் நிறம் அமைய வேண்டும், அது கோவர்த்தனனின் வேலை.

நகரிக்காரர். குச்சியை முக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இன்னும் ஒரு சொட்டு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். கன்னிகாவின் பைத்தியம் அவருக்குத் தெரியும். புது நிறம் வந்தால் கழித்துப் போட்டதிலிருந்து ஒன்றை எடுத்து, "உன் பத்திரிகைல குத்திக்கோம்மா" என்று அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் ஆர்டர் ஒன்று வந்தது. மாதிரிக்கு ஒரே ஒரு பட்டன், கையெழுத்துப் போட்ட சீட்டோடு. மயில் கழுத்து நிறம். திருப்பினால் நீலம், சாய்த்தால் பச்சை, நடுவே செம்புக் கீற்று. அளவு பார்க்க சனிக்கிழமை அது மேஜை மேஜையாகக் கை மாறி கன்னிகாவிடமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று பர்ஸில் போட்டுக்கொண்டாள். திருடவில்லை, இன்றைக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

திங்கட்கிழமை போனால் கம்பெனியே தலைகீழாகக் கிடந்தது. "எடுத்தது யாரா இருந்தாலும் போலீஸ்ல குடுப்பேன்" என்று மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். பட்டன் அவள் பர்ஸில்தான் இருந்தது. மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, இங்கே கிடக்கிறது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மேஜைக்கு மேஜை ஆட்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கை எழவில்லை.

கோவர்த்தனன்தான் முன்னால் வந்தார். "சாம்பிள் இல்லாட்டி போவுது சார். நான் பாத்துக்கினுதான இருந்தேன். என் கண்ணுல கீது."

அவர் கலக்கிய பட்டன் அந்த வாரமே செக்கிங்குக்கு வந்தது. கன்னிகா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், மாதிரியோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தாள். விரல் பட்டு இரண்டும் புரண்டன. அப்புறம் எது மாதிரி, எது கோவர்த்தனனுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு கண் அந்த மனுஷனுக்கு.

பெங்களூர் ஆள் வந்தான். எடுத்த எடுப்பில், இது அந்த நிறமே இல்லை என்றான். ஒத்துப்பார்க்கத்தான் எதுவும் இல்லையே. மொத்த ஆர்டரும் போயிற்று. கண் போய்விட்டது என்று சொல்லி கோவர்த்தனனை நிறுத்திவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனபோது கன்னிகா குனிந்த தலை நிமிராமல் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் வேலை போகும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்து அவள் அழாத மாதம் கிடையாது.

போன மாதம் திருப்பதியில் ஒரு புடவைக் கடையில் அவரைப் பார்த்தாள். அவர் மகள் அக்ஷயாவுக்குக் கல்யாணம். சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறாராம்.

"வேற எங்கியும் கலர் வேலைக்குப் போவலியாண்ணா?"

"கூப்டாங்கம்மா. நான்தான் போவல. அன்னிக்கு சரியா கீதுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். அப்பிடி ஏமாத்துன கண்ண நம்பி இன்னொருத்தன் சரக்க எப்பிடிக் கெடுக்கிறது?"

அக்ஷயா இரண்டு அரக்குப் புடவைகளைக் கொண்டுவந்து விரித்தாள். "நைனா, எது நல்லா கீது?"

அவர் கை தன்னால் போய் இடது பக்கத்துப் புடவையில் உட்கார்ந்தது. கன்னிகாவும் அதைத்தான் எடுத்திருப்பாள். உடனே கையை இழுத்துக்கொண்டார். "என்னக் கேக்காதம்மா. இந்த அக்காவக் கேளு. எனக்குக் கலர் தெரியாது."

கன்னிகா அந்தப் புடவையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க கண்ணுக்கு ஒன்னும் ஆவலண்ணா. அன்னிக்கும் ஒன்னும் ஆவல. அந்தக் கலர் சரியாத்தான் இருந்தது."

அவர் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "ஆறுதலுக்குச் சொல்ற. அன்னிக்கே யாராச்சும் ஒருத்தர் இத சொல்லியிருந்தா போதும்மா. நானே என்னை நம்பியிருப்பேன்."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கை வைத்த புடவையையே மடித்துத் தரும்படி கடைக்காரனிடம் சொன்னாள்.