ஐஸில் இருந்த பிள்ளை

காலை பத்து நாற்பது. எல்லாம் கோணலாகத் தொடங்கியது அப்போதுதான்.

யட்டியாந்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியம்மா, என் மகள் திரும்பி வந்ததும் சுற்ற, தான் கொண்டுவந்த தட்டில் ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து என் மகள் வாசுகி.

"அப்பா, இன்னைக்கு வைக்க மாட்டாங்களாம்."

கல்யாணமாகிப் பல வருடம். இப்போதுதான் ஆய்வுகூடத்தில் கரு உருவாகியிருந்தது. அதைக் கருப்பையில் வைக்கும் நாள் அன்று. ஆனால் இரத்தப் பரிசோதனையில் ஏதோ ஹார்மோன் - புரொஜெஸ்டரோனாம் - நேரத்துக்கு முன்பே ஏறிவிட்டது. கருப்பை முந்திக்கொண்டது, இப்போது வைத்தால் ஒட்டுவது சந்தேகம், கருவை உறையவைத்துப் பிறகு பார்ப்போம் என்றாராம் டாக்டர்.

பிள்ளையை ஐஸில் வைக்கிறார்களாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். கரைப்பதை நிறுத்தினார்.

"ஐஸ்லயா? பேரப்புள்ளையா மாஸ்டர், இல்ல பலயா மீனா?"

சிரிக்க முடியவில்லை. அவர் மகனுக்குக் கட்டிவைக்க நிவித்திகலயில் வேறு பெண் இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். இதுதான் கடைசி முறை என்றும் சொல்லியிருந்தார். என் மகளின் வாழ்க்கையே அந்தத் தட்டில்தான் இருந்தது...

எங்கிருந்து வந்ததோ தைரியம்! முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரிடம் கேட்டேன்.

"மரம் நனைஞ்சிருந்தா பால் வெட்டுவீங்களா?"

"வெட்டமாட்டோம். பாலெல்லாம் பட்டையில வழிஞ்சு வீணாப் போயிரும்."

"அதுக்காக மரத்தைத் தறிச்சிருவீங்களா?"

சம்பந்தியம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"சரி மாஸ்டர். மழை விடட்டும்."

இரண்டு மாதம் கழித்து மழை விட்டது. மாத்திரை, ஊசி, மறுபடி இரத்தப் பரிசோதனை. இந்த முறை ஹார்மோன் சொன்ன பேச்சைக் கேட்டது. கருவை வைத்தார்கள். முடிவு தெரியும்வரை வீட்டில் யாரையும் நான் தும்மக்கூட விடவில்லை!

பலித்தது.

'இன்றைக்கு வேண்டாம்' என்பதும் ஒரு வைத்தியம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததா? டெலிபோன் அடித்தால் இன்னும் நான் முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

போன கிழமை பேத்தியை அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனோம். வாசலில் அதே தட்டு. ஆலாத்தி சுற்றி, பொட்டு வைத்து, சம்பந்தியம்மா பிள்ளையை வாங்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்தார்.

"ஐஸ்ல இருந்த புள்ளைன்னீங்களே மாஸ்டர்... என்னா சூடு, பாருங்க."