கவிதாவுக்கு வல்லினம் வந்த கதை

போன வாரம் பெங்களூரில், பொம்மனஹள்ளி சிக்னலில் பஸ் வழக்கம்போல அசையாமல் நின்றது. முன் சீட்டில் ஒரு குழந்தை அம்மா மடியில் ஏறி நின்று, ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து "ப்பா... ப்பா..." என்று ஊதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'ப்பா'வுக்கும் கண்ணாடியில் ஆவி வட்டமாகப் படிந்தது. எனக்கு என் தங்கை கவிதாவின் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்களும் ஒருமுறை 'ப' சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது சொன்னால் நல்லது. உதடு மூடும், காற்று உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு திறந்துகொண்டு பாயும். அந்த நேரத்தில் அண்ணத்தின் பின்பக்கம் மேலேறி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். கவிதாவுக்கு உதட்டிலும் அந்த அண்ணத்திலும் பிறவியிலேயே பிளவு. உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது அப்படியே நின்றுபோனது. முட்டி நிற்க வேண்டிய காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும்.

அதனால் பூ 'மூ' ஆகும். தோசை 'நோஞை'. காக்கா 'ஙாங்ஙா'. வகுப்பில் கசடதபற, ஙஞணநமன நடத்திய அன்று, எங்கள் வீட்டில் ஒருத்தி முதல் வரிசைக்குப் பதில் இரண்டாம் வரிசையை வைத்தே பேசுகிறாள் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எழுந்து சொன்னேன். டீச்சர் உட்காரச் சொன்னார்.

'அம்மா' அவளுக்கு அழகாக வரும். 'அப்பா'வும் அம்மா என்றேதான் வரும். அப்பா ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டினார். "நம்ம வீட்ல ரெண்டு அம்மா. ஒண்ணு சமைக்கும், ஒண்ணு ஆட்டோ ஓட்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். "மயக்க மருந்து குடுத்தா எழுந்திரிப்பாளா?" என்பார். ஆபரேஷன் மறுபடி தள்ளிப்போகும்.

கவிதாவுக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் ஏரியா கோயில் திருவிழாவுக்கு அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். வளையல் கடையில் அவள் கையை விட்டது நான்தான். பச்சையா, சிவப்பா என்று யோசித்து முடித்துத் திரும்பினால் அவள் இல்லை.

நானும் அப்பாவும் கூட்டத்துக்குள் ஓடினோம். மைக்கில் கன்னடத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: "நவீனா என்ற குழந்தை அம்மாவைத் தேடுகிறது. தாயார் உடனே மேடைக்கு வரவும்." அப்பா ஒரு நிமிடம் நின்று கேட்டார். "பாவம், யார் பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். மூன்றாவது முறை "சிவப்பு கவுன், மேல் உதட்டில் தழும்பு" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அவள் தன் பெயராகச் சொன்ன 'ஙவினா'வைத்தான் நவீனா ஆக்கியிருந்தார்கள்.

மேடையில் இருந்தவர் லேசில் குழந்தையைத் தரவில்லை. "அம்மாவை வரச் சொல்லுங்க. அம்மா கூட வந்தேன்னுதானே சொல்லுது."

"என்னைத்தாங்க அம்மாங்கறா" என்றார் அப்பா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் சளைக்காமல் பேரம் பேசுகிற மனிதர். கவிதாவே வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே ஆபரேஷன் நடந்தது. அவள் கண் விழிக்கும்வரை அப்பா வராந்தாவில் உட்காரவே இல்லை.

அண்ணம் மூடிவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த கன்னடப் பெண், கவிதாவின் மூக்கடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, "நோடு புட்டி, பாரு குட்டி, இதுல ஆவி வரக்கூடாது" என்பாள். வீட்டில் அந்த வேலை என்னுடையது. உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைத் தொங்கவிடுவேன். 'ப' சொன்னால் அது ஆட வேண்டும். மாதக்கணக்கில் ஆடாமல் தொங்கியது. சீக்கிரம் விளையாடப் போக வேண்டி, நானே ஊதி ஆட்டிவிட்டு "ஆடிச்சு, ஆடிச்சு" என்று சொன்ன நாட்களும் உண்டு.

ஒரு காலை அப்பா ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்து ஒரு குரல்: "அப்பா, டிபன் பாக்ஸ்."

அப்பா திரும்பாமலே, என் பெயரைச் சொல்லி, "வெச்சிட்டுப் போம்மா" என்றார். அப்பா என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதானே.

"நான் கூப்பிடலப்பா" என்றேன் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டே.

அப்பா இன்ஜினை நிறுத்தினார். கவிதா டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். அவளுக்கு வெட்கம் வந்து, மாட்டேன் என்று தலையாட்டினாள். அவளை முன்னால் உட்கார வைத்து, எங்கள் சந்துகளை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் அன்று சவாரிக்குப் போனார்.

இன்று கவிதா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ரிசப்ஷனில் நாள் முழுக்கப் பேசுகிறாள். பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுடைய அந்தப் பழைய பேச்சு இப்போது அவளுக்கே ஞாபகமில்லை.

"நான் அப்போ எப்படிக்கா பேசுவேன்? பேசிக் காட்டேன்" என்று ஒருநாள் கேட்டாள். அவள் மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ம என்றும் ந என்றும் நான் இங்கே எழுதியதெல்லாம் எழுத்தில் அகப்பட்ட அளவுதான். அவள் சொன்னது முழு 'ம'வும் இல்லை, 'ப'வும் இல்லை. நாலைந்து முறை முயன்றேன். நான் சொன்னால் ஒன்று வெறும் 'ம' வருகிறது, இல்லையென்றால் நல்ல 'ப'வாக வந்து நிற்கிறது. அந்தச் சத்தம் காதுக்குள் அப்படியே இருக்கிறது. என் வாய்க்கு அது வரவே இல்லை.